நாலு சிஸ்டத்துக்கும் தனித்தனி பார்ம்லிப்: ஒன்றாக்கலாமா, பிரித்தே வைக்கலாமா?

சிஸ்ப்ராக்_ஓஎம்ஆர் கேட்கிறார்:

வணக்கம். ஆறு வருடமாக இசட்/ஓஎஸ் (ஐபிஎம் மெயின்ஃபிரேமின் ஆபரேட்டிங் சிஸ்டம்) சிஸ்டம் புரோகிராமராக இருக்கிறேன். சென்னை ஓஎம்ஆரில் உட்கார்ந்து ஜெர்மனியில் ஓடும் மெயின்ஃபிரேமைப் பார்த்துக்கொள்ளும் சின்ன டீம் எங்களுடையது. மொத்தம் நாலு எல்பார், அதாவது மெஷினைப் பிரித்து உண்டாக்கிய தனித்தனி சிஸ்டங்கள். பிஆர்டி1, பிஆர்டி2 இரண்டும் ஒரே சிஸ்ப்ளெக்ஸில் (சேர்ந்து இயங்கும் சிஸ்டங்களின் கூட்டம்) இருக்கும் ப்ரொடக்‌ஷன். டிஇவி1 டெவலப்பர்களுக்கு. எஸ்பிஎக்ஸ்1 எங்கள் சேண்ட்பாக்ஸ், அதில் நாங்கள் மட்டும்தான் கை வைப்போம்.

நாலுக்கும் தனித்தனி பார்ம்லிப், அதாவது சிஸ்டம் எழும்போது படிக்கும் அமைப்புகள் மெம்பர் மெம்பராக (தனித்தனி ஃபைல் மாதிரி) இருக்கும் டேட்டாசெட். என்றோ ஒருநாள் பிஆர்டி1-இலிருந்து அப்படியே காப்பி எடுத்து மற்ற மூன்றையும் உருவாக்கியிருக்கிறார்கள். அதற்குப் பிறகு ஒவ்வொன்றும் அதன் போக்கில் வளர்ந்துவிட்டது. இதையெல்லாம் மனதிலேயே வைத்திருந்த எங்கள் சீனியர் மார்ச்சில் ஓய்வு பெற்றார். எந்த மெம்பரில் எது ஏன் இருக்கிறது என்று கேட்க இப்போது ஆள் இல்லை.

ஜூலையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பிஆர்டி2-க்கு ஐபிஎல் (சிஸ்டத்தை மறுபடி எழுப்புவது). அங்கே நள்ளிரவு, நமக்கு விடியற்காலை மூன்றரை. சிஸ்டம் நன்றாக எழுந்து வந்தது, ஆனால் ஒரு வெண்டர் ப்ராடக்ட் மட்டும் 047 அபெண்ட் (அனுமதியில்லாததால் ப்ரோகிராம் பாதியில் நிற்பது) ஆகி விழுந்துகொண்டே இருந்தது. அதன் ப்ரோகிராம்கள் இருக்கும் லோட் லைப்ரரி, ஏபிஎஃப் என்ற அனுமதி பெற்ற லைப்ரரிகளின் பட்டியலில் இல்லை. முன்பு யாரோ செட்ப்ராக் கமாண்ட் கொடுத்து அந்த நேரத்துக்குச் சேர்த்திருக்கிறார்கள். பிஆர்டி1-இல் ஏபிஎஃப் பட்டியல் இருக்கும் ப்ராக் மெம்பரில் அந்த வரியை எழுதியவர்கள் பிஆர்டி2-இல் எழுத மறந்துவிட்டார்கள். ஐபிஎல் ஆகும்வரை அது தெரியவே வழியில்லை. கண்டுபிடிக்க நாற்பது நிமிடம் ஆயிற்று. அந்த நாற்பது நிமிடமும் ஃபோனில் எட்டுப் பேர் பேசாமல் காத்திருந்தார்கள். அந்த அமைதி இன்னும் என் காதில் இருக்கிறது.

அதற்கு மறுநாளே நாலு பார்ம்லிப்பையும் சூப்பர்சி என்ற கருவியில் போட்டு ஒப்பிட்டேன். 94 மெம்பர்களில் 31 மெம்பர்கள் வேறுபடுகின்றன. ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்ததில் 11 மெம்பருக்குத்தான் வேறுபடக் காரணம் இருக்கிறது: கப்பிள் டேட்டாசெட் (சிஸ்ப்ளெக்ஸின் நிலையைப் பதியும் இடம்) பெயர், கன்சோல் முகவரி, எஸ்எம்எஃப் (சிஸ்டம் உபயோகப் பதிவு) டேட்டாசெட் பெயர் இந்த மாதிரி. மிச்சம் 20-இல் ஏன் வேறுபாடு என்று யாருக்கும் தெரியாது. சேண்ட்பாக்ஸில் ஒரு மாற்றத்தைச் சோதித்து, "ஐபிஎல் ஆகிவிட்டது, சரி" என்று நான் சொல்வதற்கே அர்த்தமில்லை என்று அப்போதுதான் உறைத்தது. நான் சோதித்தது வேறு ஒரு சிஸ்டத்தை.

எல்லாவற்றுக்கும் பொதுவான ஒரு செட் மெம்பர், வேறுபாடுகள் மட்டும் தனியாக என்று கொண்டுவர நினைக்கிறேன். சேண்ட்பாக்ஸில் ஆரம்பித்தும் பார்த்தேன். எந்தெந்த மெம்பரை எடுக்க வேண்டும் என்று சொல்லும் ஐஇஏசிஸ் மெம்பர்களில் ஐஇஏசிஸ்00 பொதுவானது. அதில் ப்ராக்=(00,01) என்று இருக்கிறது (ப்ராக்00, ப்ராக்01 மெம்பர்களை எடு என்று அர்த்தம்). சேண்ட்பாக்ஸுக்கு மட்டும் ஐஇஏசிஸ்எக்ஸ்1 என்று ஒன்று எழுதி, அதில் ப்ராக்=எக்ஸ்1 என்று போட்டேன். மூன்றும் சேர்ந்து வரும் என்று நினைத்தேன். வந்தது எக்ஸ்1 மட்டும். ஏபிஎஃப் பட்டியலில் பாதி காணோம். சேண்ட்பாக்ஸ் என்பதால் பிழைத்தேன்.

இதை முறையாகச் செய்வது எப்படி? வேறுபாடுகளை எங்கே வைப்பது: லோட் மெம்பரிலா (ஐபிஎல்லின் தொடக்கத்தில் படிப்பது), ஐஇஏசிஸ்ஸிலா, சிம்பல்களிலா (சிஸ்டத்துக்கு ஏற்ப மதிப்பு மாறும் பெயர்கள்)? ஒரே டேட்டாசெட்டை நாலு சிஸ்டமும் படிப்பது சரியா? மேனேஜர் "ஓடுகிறதை ஏன் தொடுகிறாய்" என்கிறார். அவருக்கு நான் சொல்லும் பதில் உறுதியாக இருக்க வேண்டும், அதனால்தான் கேட்கிறேன்.

பழைய_எம்விஎஸ் பதில்:

அம்மா, நீங்கள் போகிற வழி சரியான வழி. 31-இல் 20 மெம்பர் காரணமில்லாமல் வேறுபடுகிறது என்று எண்ணிப் பார்த்தீர்களே, மேனேஜருக்கு அந்த எண்ணைக் காட்டுங்கள். ஜூலையில் நடந்தது அந்த இருபதில் ஒன்றுதான். இன்னும் 19 காத்துக்கொண்டிருக்கிறது.

முதலில் உங்கள் ப்ராக் சங்கதி. ஐஇஏசிஸ் மெம்பர்களை வரிசையாகக் கொடுத்தால், பின்னால் வருகிற மெம்பரில் உள்ள பாராமீட்டர் முன்னால் வந்ததை முழுதாக மாற்றிவிடும். கூட்டிச் சேர்க்காது. அதனால் சிஸ்டத்துக்கு ஒரு ஐஇஏசிஸ் எழுதும் பழக்கத்தையே விட்டுவிடுங்கள். ஐஇஏசிஸ்00-இலேயே ப்ராக்=(00,&சிஸ்க்ளோன்.) என்று எழுதுங்கள். &சிஸ்க்ளோன் என்பது, நீங்கள் வேறு ஒன்றும் சொல்லாவிட்டால், சிஸ்டம் பெயரின் கடைசி இரண்டு எழுத்து. பிஆர்டி1-க்கு டி1, டிஇவி1-க்கு வி1, சேண்ட்பாக்ஸுக்கு எக்ஸ்1. ப்ராக்00 எல்லோருக்கும் பொது, ப்ராக்எக்ஸ்1 சேண்ட்பாக்ஸுக்கு மட்டும். இரண்டும் சேர்ந்து வரும். கமாண்ட் மெம்பருக்கும் இதே மாதிரி சிஎம்டி=(00,&சிஸ்க்ளோன்.) போடலாம்.

வேறுபாடு எங்கே இருக்க வேண்டும் என்று கேட்டீர்கள். என் அனுபவத்தில் இரண்டே இடம்: லோட் மெம்பர், சிம்பல்களை வரையறுக்கும் ஐஇஏசிம். இந்த இரண்டையும் படித்தாலே "இந்த எல்பாருக்கும் அந்த எல்பாருக்கும் என்ன வித்தியாசம்" என்பது தெரிந்துவிட வேண்டும். மூன்றாவது இடத்தில் தேட வேண்டியிருந்தால் எங்கோ தப்பு நடந்திருக்கிறது.

லோட் மெம்பரில் எச்டபிள்யூநேம் (மெஷின் பெயர்), எல்பார்நேம் என்று வடிகட்டிகள் உண்டு. எல்பார்நேம் பிஆர்டி1 என்று எழுதினால், அடுத்த வடிகட்டி வரும்வரை உள்ள வரிகள் அந்த எல்பாருக்கு மட்டும் பொருந்தும். வடிகட்டிக்கு முன்னால் எழுதியவை எல்லோருக்கும். மாஸ்டர் கேட்டலாக்கை (எந்த டேட்டாசெட் எங்கே என்ற மூலப் பட்டியல்) சொல்லும் சிஸ்கேட் வரியையும் சிஸ்ப்ளெக்ஸ் வரியையும் பொதுப் பகுதியில் எழுதாதீர்கள், எல்பார்நேமுக்குக் கீழேயே எழுதுங்கள். அப்போது பெயர் பொருந்தாத ஒரு எல்பார் தப்பாக அந்த லோட் மெம்பரை எடுத்தாலும், ப்ரொடக்‌ஷன் மாதிரி எழுந்து வராது. மாஸ்டர் கேட்டலாக் எது என்று ஆபரேட்டரைக் கேட்டுக்கொண்டு நிற்கும். நிற்பது நல்லது.

இந்த மெம்பரில், வரியில் எத்தனையாவது இடம் என்ற கணக்கு முக்கியம். கீவேர்டு முதல் இடத்தில் தொடங்க வேண்டும், மதிப்பு பத்தாவது இடத்தில். ஒரு இடம் தள்ளிப்போனாலும் சங்கடம்தான்.

ஐஇஏசிம்மில் முதலில் பொதுவான சிஸ்டெஃப் வரையறை ஒன்று, பிறகு எல்பாருக்கு ஒன்றாக நாலு சிஸ்டெஃப். சிஸ்டம் பெயரும், அந்தந்த சிஸ்டத்துக்கான சிம்பல்களும் அங்கேதான். ஒரு சிம்பலுக்குக் கொடுக்கும் மதிப்பு, சாதாரணமாக, ஆம்பர்சண்டையும் சேர்த்து அந்தச் சிம்பல் பெயரின் நீளத்தைத் தாண்டக் கூடாது என்பதை மறக்காதீர்கள். இது தெரியாமல் குட்டிப் பெயர் வைத்துவிட்டு பலர் முழிப்பார்கள்.

உங்கள் 11 மெம்பரில் பெரும்பாலானவை இப்படியே ஒன்றாகிவிடும். எஸ்எம்எஃப் டேட்டாசெட் பெயரில் &சிஸ்நேம் (சிஸ்டம் பெயர்) வரட்டும். யூனிக்ஸ் ஃபைல் சிஸ்டம் பெயரில் &சிஸ்ஆர்1 வரட்டும். அது ஐபிஎல் செய்த வால்யூமின் பெயரைத் தானாகவே எடுத்துக்கொள்ளும், புது சிஸ்ரெஸ்ஸுக்கு (சிஸ்டம் இருக்கும் டிஸ்க்) மாறும்போது யூனிக்ஸ் பக்கத்து மெம்பரான பிபிஎக்ஸ்பிஆர்எம்-ஐத் தொடவே வேண்டாம். ஓஎம்விஎஸ்.&சிஸ்ஆர்1..ரூட் என்று இரண்டு புள்ளி வைக்க வேண்டும். முதல் புள்ளி சிம்பல் முடிந்தது என்று சொல்வதற்கு, இரண்டாவதுதான் பெயரில் நிற்கும் புள்ளி.

இன்னொன்று சொல்கிறேன், இதில் நானே அடிபட்டிருக்கிறேன். ஐஇஏசிஸ்ஸில் ஒரு வரியின் கடைசியில் கமா விட்டுப்போனால், மெம்பர் அதோடு முடிந்தது என்று சிஸ்டம் எடுத்துக்கொள்ளும். கீழே உள்ள அத்தனை பாராமீட்டரும் படிக்கப்படாது, பிழைச் செய்தியும் வராது. நாலு மெம்பரை ஒன்றாக்கும்போது வரிகளை வெட்டி ஒட்டுவீர்கள். அப்போதுதான் இது நடக்கும்.

1990-களின் தொடக்கத்தில் எங்களுக்கு இந்த வசதி எதுவும் இல்லை. சிஸ்1.பார்ம்லிப் ஒன்றுதான், எல்லாம் அதற்குள்ளேயே. ஓஎஸ்/390 வந்த பிறகுதான் பல பார்ம்லிப்பை வரிசையாக அடுக்க முடிந்தது. இப்போது லோட் மெம்பரில் பத்து டேட்டாசெட் வரை அடுக்கலாம். அதனால் சிஸ்1.பார்ம்லிப்பை அப்படியே ஐபிஎம்முக்கு விட்டுவிடுங்கள். உங்களுடையது தனி டேட்டாசெட்டில், வரிசையில் அதற்கு முன்னால் இருக்கட்டும். ஒரே பெயரில் இரண்டு மெம்பர் இருந்தால் முதலில் கிடைத்ததுதான் எடுபடும், இரண்டும் கலக்காது.

ஸ்டோரேஜ்_கோவை பதில்:

மேலே சார் சொன்னது எல்லாம் சரி. ஆனால் "ஒரே டேட்டாசெட்டை நாலு சிஸ்டமும் படிப்பது" என்ற கேள்விக்கு என் பதில்: வேண்டாம்.

பிஆர்டி1, பிஆர்டி2 இரண்டும் ஒரு சிஸ்ப்ளெக்ஸ், ஒரே ஜிஆர்எஸ் (ஒரே நேரத்தில் இருவர் எழுதாமல் பூட்டும் அமைப்பு). அவை ஒரு பார்ம்லிப்பைப் பகிரலாம், பகிரவும் வேண்டும். டிஇவி1-உம் எஸ்பிஎக்ஸ்1-உம் அந்த ஜிஆர்எஸ்ஸுக்கு வெளியே இருக்கின்றன. ஒரு பக்கம் கம்ப்ரெஸ் (டேட்டாசெட்டில் வீணான இடத்தை மீட்பது) ஓடிக்கொண்டிருக்கும்போது இன்னொரு பக்கம் யாராவது மெம்பரை சேவ் செய்தால் தடுக்க யாருமில்லை. ஒரு டைரக்டரி கெட்டால் நாலு சிஸ்டத்துக்கும் அடுத்த ஐபிஎல் கிடையாது. தவிர, சேண்ட்பாக்ஸில் விளையாடுகிற கை ப்ரொடக்‌ஷன் படிக்கும் இடத்தில் எழுதவே கூடாது.

பகிர வேண்டியது மெம்பரின் உள்ளடக்கத்தை மட்டும்தான். சேண்ட்பாக்ஸுக்கு ஒரு காப்பி, டெவலப்மெண்டுக்கு ஒரு காப்பி, ப்ரொடக்‌ஷன் சிஸ்ப்ளெக்ஸுக்கு ஒரு காப்பி. மூன்றும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்க வேண்டும். மாற்றம் சேண்ட்பாக்ஸில் நுழையும், அங்கே ஐபிஎல் ஆன பிறகு டிஇவி1, அதன் பிறகு ப்ரொடக்‌ஷன். காப்பி ஒரு ஜாப் மூலமாக மட்டும் போகட்டும், யாரும் நேராக எடிட் செய்ய ராக்ஃப் என்ற பாதுகாப்பு மென்பொருளில் அனுமதி வேண்டாம். வாரம் ஒருமுறை சூப்பர்சி ஓடி, மூன்றுக்கும் வித்தியாசம் பூஜ்யம் என்று வந்தால் நிம்மதி.

எங்கள் பழைய இடத்தில் நடந்ததைச் சொன்னால் ஏன் இவ்வளவு பயப்படுகிறேன் என்று புரியும். டெஸ்ட் எல்பாருக்கு ஐபிஎல் செய்யும்போது ஆபரேட்டர் ப்ரொடக்‌ஷனின் லோட் பாராமீட்டரை (எந்த லோட் மெம்பர் என்று சொல்லும் எட்டு எழுத்து) போட்டுவிட்டார். எட்டு எழுத்தில் இரண்டு எழுத்துதான் வேறு. டிஸ்க் எல்லாம் இரண்டு பக்கமும் தெரியும்படி இருந்தது. லோட் மெம்பரில் எல்பார்நேம் எதுவும் இல்லை. டெஸ்ட் எல்பார் ப்ரொடக்‌ஷனின் கப்பிள் டேட்டாசெட்டைத் திறந்து, சிஸ்ப்ளெக்ஸைப் புதிதாகத் தொடங்கவா, சேரவா என்று கேட்டு நின்றது. தொடங்கு என்று பதில் போட்டிருந்தால் ஓடிக்கொண்டிருந்த ப்ரொடக்‌ஷன் சிஸ்டங்கள் வெயிட் ஸ்டேட்டுக்குப் போய் நின்றிருக்கும். அந்த ஆபரேட்டர் பதில் போடாமல் எனக்கு ஃபோன் செய்தார். இரவு இரண்டு மணி. அவருக்கு இன்றும் நன்றிக்கடன் பட்டிருக்கிறேன்.

சார் சொன்ன அந்த எல்பார்நேம் வடிகட்டி இருந்திருந்தால் அந்தக் கேள்வி வரைக்குமே போயிருக்காது. கூடவே இதையும் செய்யுங்கள்: லோட் முகவரியையும் லோட் பாராமீட்டரையும் ஆபரேட்டர் கையால் அடிக்க விடாதீர்கள். மெயின்ஃபிரேமைக் கட்டுப்படுத்தும் எச்எம்சி கன்சோலில் ஒவ்வொரு எல்பாருக்கும் லோட் ப்ரொஃபைல் செய்து அதில் பதிந்து வையுங்கள். முடிந்தால், டெஸ்ட் பக்கத்திலிருந்து ப்ரொடக்‌ஷன் கப்பிள் வால்யூம் தெரியவே கூடாது.

பெங்களூர்_ஸோவே பதில்:

அக்கா, மூன்று காப்பியையும் ஒன்றாக வைத்திருக்க எங்கள் டீமில் கிட் (மாற்றங்களின் வரலாற்றை வைத்திருக்கும் கருவி) பயன்படுத்துகிறோம். பார்ம்லிப் மெம்பர்கள் எல்லாம் கிட் ரெப்போவில் சாதாரண டெக்ஸ்ட் ஃபைலாக இருக்கின்றன. மாற்றம் வேண்டுமென்றால் ஒருவர் எழுத, இன்னொருவர் பார்த்துச் சரி சொல்ல வேண்டும். அப்புறம் ஸோவே என்ற மெயின்ஃபிரேம் கருவியின் கமாண்ட் லைன் மூலமாக அந்தந்த சிஸ்டத்துக்கு ஏற்றுவோம்.

இதில் எனக்குப் பெரிதாகப் படுவது வரலாறு. உங்கள் சீனியர் ஓய்வு பெற்ற பிறகு கேட்க ஆள் இல்லை என்று எழுதியிருந்தீர்கள். கிட்டில் ஒவ்வொரு வரிக்கும் யார், எப்போது, ஏன் என்று இருக்கும். அந்த "ஏன்" எழுதாமல் கமிட் செய்ய எங்கள் டீம் லீட் விடமாட்டார். ஆரம்பத்தில் எனக்கு எரிச்சலாக இருந்தது. இரண்டு வருடம் கழித்து நானே எழுதிய ஒரு வரிக்குக் காரணம் தேடியபோது அதில்தான் கிடைத்தது.

சிஸ்ப்ராக்_ஓஎம்ஆர் மறுபடி:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். நடந்ததைச் சொல்ல வேண்டும் என்று இருந்தேன்.

சேண்ட்பாக்ஸ் முழுவதும் புது அமைப்புக்கு வந்துவிட்டது. ஒரே ஐஇஏசிஸ்00. ஐஇஏசிம்00-இல் நாலு எல்பாருக்கும் சிஸ்டெஃப். 11 மெம்பரில் 7 சிம்பலால் ஒன்றாகிவிட்டன, 4 மட்டும் &சிஸ்க்ளோன் சஃபிக்ஸோடு (பெயரின் கடைசி எழுத்துகள்) தனித்தனியாக நிற்கின்றன. காரணமில்லாத அந்த 20 மெம்பரை ஒவ்வொன்றாக எடுத்து, டெவலப்பர்களிடமும் நெட்வொர்க் ஆட்களிடமும் கேட்டுத் தீர்த்தேன். அதற்குத்தான் இரண்டு வாரம் போயிற்று. இரண்டில் பிஆர்டி2-இல் இருந்ததே தப்பு. பிஆர்டி1-இல் திருத்தியவர்கள் இங்கே திருத்தவில்லை, ஜூலைக் கதையேதான்.

முதல் ஐபிஎல்லில் இரட்டைப் புள்ளியில் ஒன்றை விட்டுவிட்டேன், ரூட் ஃபைல் சிஸ்டம் கிடைக்கவில்லை. இரண்டாவதில் எழுந்து வந்தது. டி ஐபிஎல்இன்ஃபோ கொடுத்து எந்த லோட் மெம்பர், எந்த ஐஇஏசிம், எந்த ஐஇஏசிஸ் என்று பார்த்தேன். டி சிம்பல்ஸ், டி பார்ம்லிப் இரண்டும் எதிர்பார்த்தபடியே இருந்தன. அதோடு நிற்காமல் கன்சோல் லாகில் ஐஇஇ252ஐ செய்தி ஒவ்வொன்றையும் எடுத்து, எந்த மெம்பர் எந்த டேட்டாசெட்டிலிருந்து வந்தது என்று தாளில் டிக் அடித்தேன். ஒன்று மட்டும் நான் மறந்திருந்த பழைய காப்பியிலிருந்து வந்திருந்தது. அந்தப் பட்டியலைப் பார்க்காவிட்டால் தெரிந்திருக்காது.

கோவை சார் சொன்னபடி மூன்று காப்பி. கிட்டுக்கு க்ளையண்டிடம் அனுமதி கேட்டிருக்கிறேன். அதுவரை ஒவ்வொரு மெம்பரின் தலையிலும் தேதி, காரணம் இரண்டும் கமெண்ட்டாக எழுதுகிறோம். மேனேஜரிடம் அந்த 20 என்ற எண்ணைத்தான் காட்டினேன். ப்ரொடக்‌ஷனுக்கு நவம்பரில் தேதி கொடுத்துவிட்டார்.

ஒரே ஒரு கேள்வி பாக்கி. செட்ப்ராக் கமாண்ட் கொடுக்கும் பழக்கத்தை எப்படி நிறுத்துவது? அவசரத்தில் எல்லோரும் அதைத்தான் செய்கிறார்கள்.

பழைய_எம்விஎஸ் பதில்:

நல்ல வேலை செய்திருக்கிறீர்கள் அம்மா. அந்த டிக் அடித்த தாளைப் பத்திரமாக வையுங்கள், நவம்பரில் பிஆர்டி1-க்கு அதே தாள் உதவும்.

செட்ப்ராக் பற்றி: மாற்றத்தை முதலில் ப்ராக் மெம்பரில் எழுதுங்கள், பிறகு செட் ப்ராக்=சஃபிக்ஸ் என்று அந்த மெம்பரையே கமாண்டாகக் கொடுங்கள். இப்போது ஓடுவதும் அடுத்த ஐபிஎல்லில் வரப்போவதும் ஒரே எழுத்து. ஏபிஎஃப்பில் ஒரு லைப்ரரி சேர்க்க வேண்டுமென்றால் அந்த ஒரு வரிக்கே புது மெம்பர் எழுதி ஏற்றலாம், அதன் சஃபிக்ஸை ஐஇஏசிஸ்ஸில் அன்றே சேர்த்துவிட வேண்டும். சிம்பலுக்கும் இப்போது வழி இருக்கிறது. இசட்/ஓஎஸ் 2.1 முதல் செட்லோட் கமாண்டில் ஐஇஏசிம் கொடுத்தால், ஐபிஎல் இல்லாமலே ஐஇஏசிம்மை மறுபடி படிக்கும். அதனால் அவசரம் என்று யாரும் சாக்குச் சொல்ல முடியாது. இதோடு ஒவ்வொரு ஐபிஎல்லுக்கும் முந்தைய நாள் டி ப்ராக்,ஏபிஎஃப் எடுத்து மெம்பரோடு ஒப்பிடுங்கள். ஜூலையில் இதைச் செய்திருந்தால் சனிக்கிழமை மதியமே தெரிந்திருக்கும்.

நவம்பருக்கு முன்னால் இன்னொரு வேலை. இப்போது ப்ரொடக்‌ஷனில் ஓடுகிற பழைய லோட் மெம்பரையும், அது காட்டுகிற பழைய பார்ம்லிப்பையும் அப்படியே வைத்திருங்கள், பெயர் மாற்ற வேண்டாம், சுத்தம் செய்ய வேண்டாம். புது லோட் மெம்பருக்கு வேறு சஃபிக்ஸ் கொடுங்கள். அன்றிரவு ஏதாவது நின்றால், லோட் பாராமீட்டரில் ஐந்தாவது, ஆறாவது எழுத்தை மாற்றி பழையதிலேயே எழுப்பிவிடலாம். அந்த இரண்டு எழுத்தையும் பெரிதாக எழுதி ஆபரேட்டர் மேஜையில் ஒட்டச் சொல்லுங்கள். ஏழாவது எழுத்தில் எம் போட்டு வையுங்கள், செய்திகள் எல்லாம் திரையில் வரும்.

டிஆர் மெஷினையும் (பேரிடர் வந்தால் மாற்றாக ஓடுவது) மறந்துவிடாதீர்கள். அங்கே எச்டபிள்யூநேம் வேறு. எல்பார் பெயர்களும் அங்கே இதேதானா என்று இப்போதே கேட்டு வையுங்கள்.